பாலத்து விதவையின் மதியச் சாப்பாடு

வீலண்ணனும் அவர் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து மனம்விட்டுப் பேசியதெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசியதுதான். வீட்டில் அவர்களுக்கு வாய்ப்பு வாய்ப்பதில்லை. வீட்டில் தொலைக்காட்சி பேசும். மகள் கைபேசியில் பேசுவாள். மேல்வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் பேசும். இவர்கள் முறை வருவதற்குள் தூக்கம் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். ஆகவே மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அவருடைய தம்பிக்கு மறுபடியும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதா, மனைவியின் முட்டிவலியை யாரிடம் காட்டுவது, நேற்று நடந்த சண்டையில் யார் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பன போன்ற வழக்குகள் எல்லாம் ஒரு தகர அறைக்குள், டப்பா திறக்கும்போது விசாரணைக்கு வந்து, மூடும்போது தீர்ப்பாகிவிடும்.

அந்தத் தகர அறை ஒரு கேளிக்கைப் பூங்காவில், ராட்டினத்தின் காலடியில் இருந்தது. ராட்டினத்தை ஓட்டுகிறவர் என்பதால் அவர் வீலண்ணன். அறைக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறவர் என்பதால் அவர் மனைவி டிக்கெட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தன.

இருவருக்கும் ஒரு தொழில் ஒப்பந்தம் உண்டு. வீலண்ணன் அண்ணாந்து பார்க்க மாட்டார். பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், உச்சிக் கூண்டில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களா என்பதெல்லாம் அக்காவின் இலாகா. கடைசி ஆள் இறங்கியதும் தகர அறையிலிருந்து "காலி" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வந்தால்தான் அண்ணன் சுவிட்சை அணைப்பார். உலகமே வந்து ராட்டினம் காலி என்று சத்தியம் செய்தாலும் அணைக்க மாட்டார். அக்கா சொல்ல வேண்டும்.

இத்தனை வருஷத்தில் அக்கா ஒருமுறைகூட ராட்டினத்தில் ஏறியதில்லை.

"உச்சில நின்னா நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியும். ஒருதடவை வந்து பாரேன்."

"மொட்டை மாடிய நான் மொட்டை மாடில நின்னே பார்த்துக்கறேன். உங்களைக் கட்டின நாள்ல இருந்து தரையிலயே எனக்குத் தலை சுத்துது."

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் 'சாம்பல் மகுடம்' வந்தது.

சாம்பல் மகுடம் ஏழு பாகம் வந்த படம். ஏழாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் ஒரு பிணம் கண்ணைத் திறந்ததால் எட்டாம் பாகமும் உறுதி. அந்தப் படக் கம்பெனி பூங்காவில் பாதியை எடுத்துக்கொண்டது. பேய்வீடு, படகுக் குளம், மோதுகிற கார்கள் எல்லாம் போயின. அந்த இடத்தில் ஒரு கோட்டை, ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே நிஜமான பள்ளம், பள்ளத்தில் நிஜமில்லாத நெருப்பு, பின்னால் ஒரு பொய் மலை. எல்லாம் சேர்ந்து சாம்பல் நாடு.

மேனேஜர் ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் அதை அப்போதுதான் தாமே கண்டுபிடித்தது போன்ற வியப்பு முகத்தில் இருக்கும்.

"இனிமே ஜனங்க பூங்காவுக்கு விளையாட வர்றதில்ல. வேற ஒரு ஊர்ல வாழறதுக்கு வர்றாங்க. அவங்க ஊர்ல அவங்களுக்குப் போரடிச்சுப் போச்சு. நாம ஒரு ஊர் குடுக்கறோம்."

"அந்தப் படம் பார்க்காதவங்க வந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்டார் வீலண்ணன்.

"பார்த்துட்டு வரட்டும்."

"ஏழு பாகமுமா?"

"மூணாவது சுமார்தான். அதை விட்டுடலாம்."

"நாளைக்குப் படம் ஊத்திக்கிச்சுன்னா? இவ்வளவு பெரிய கோட்டைய மடிச்சா வைப்பீங்க?"

"ஊத்திக்கிச்சுன்னா அதைச் சரிபண்ண இன்னொரு பாகம் எடுப்பாங்க அண்ணே. அதான் இதோட அழகு."

வீலண்ணனின் கட்சி எளிமையானது. ராட்டினம் யாரையும் எதையும் தெரிந்துகொண்டு வரச் சொல்வதில்லை. மேலே போகும், கீழே வரும், கதை முடிந்தது. ராஜாவுக்கு யார் மச்சான், அவன் ஏன் நாலாம் பாகத்தில் கோபித்துக்கொண்டு போனான் என்று ராட்டினம் பரீட்சை வைப்பதில்லை. ஒரு பூங்காவில் பாதியைத் தூக்கி ஒரே படத்துக்குக் கொடுப்பது, வந்த விருந்தாளி ஒருவருக்காக வீட்டு அடுப்படியையே அவர் பெயருக்கு எழுதிவைப்பது போல என்பது அவர் எண்ணம்.

எண்ணம் சரிதான். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் பூங்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்ததும் உண்மைதான். மோதுகிற கார்களைப் பார்த்துக்கொண்டவர் மதிய வேளைகளில் ஆளில்லாமல் ஒரு காரில் தானே ஏறி மற்ற கார்களை ஒவ்வொன்றாகப் போய் மோதிவிட்டு வருவார். யந்திரம் துருப்பிடிக்காமல் இருக்கவாம். பார்க்கிறவர்களுக்குத்தான் நெஞ்சு அடைக்கும். அவருக்கு இப்போது சாம்பல் நாட்டில் அரக்கன் வேலை கிடைத்திருந்தது. தலை மட்டும் ஒரு மூட்டை கனம். இருந்தும் ஆள் தெம்பாகிவிட்டான். எதிரே வருகிறவர்கள் பயப்பட்டால் எந்த மனிதனுக்கும் ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது.

டிக்கெட் கொடுக்க யந்திரம் வந்துவிட்டதால் அக்காவையும் வேஷத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே படக் கம்பெனியின் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். சாம்பல் மகுடத்தின் கதைக்குள் எது உண்டு, எது இல்லை என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. ஊழியர்கள் அவரைக் கதை மேடம் என்றார்கள். சிறிய உருவம், மெல்லிய குரல். ஒருபோதும் கோபப்பட மாட்டார். "அது கதையில இல்லையே" என்று வருத்தத்தோடு சொல்வார். உடனே அந்தப் பொருள் அங்கிருந்து அகற்றப்படும்.

கதை மேடம் அக்காவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "குழந்தைக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகல" என்று மீசை முளைத்த பையன்களைக் காட்டிச் சொன்ன ஆயிரக்கணக்கான அப்பாக்களைத் தகர அறையின் கையகல ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து, எதற்கும் அசையாமல் இறுகிப்போன முகம் அது.

"பாலத்து விதவை," என்றார் கதை மேடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

விஷயம் என்னவென்று அன்று இரவு மகள்தான் அப்பாவுக்கு விளக்கினாள். இரண்டாம் பாகத்தில் பாலக் காவலன் ஒருவன் எதிரிப் படையைத் தனியாளாகத் தடுத்து நின்று பள்ளத்தில் விழுந்து இறக்கிறான். அவன் மனைவி அதற்குப் பிறகு எல்லாப் பாகங்களிலும் பாலத்து முனையில் நிற்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம்: 'பாலம் நிற்கிறது. அவர் வருவார்.' அவ்வளவுதான். அதற்கே தியேட்டரில் கர்ச்சீப்புகள் நனையும்.

"இந்தப் படத்துல அதைவிடப் பெரிய வேஷம் கிடையாதுப்பா. ராணி வேஷத்தையே தூக்கிப் போட்டுடலாம்."

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். உங்கம்மா எப்படிடி விதவை?"

"அம்மா விதவையில்லப்பா. அம்மா பாலத்து விதவை."

அக்கா குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அவர் வருவார், அவர் வருவார் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து அண்ணன், "வந்துதான் அரைமணி நேரமாச்சே, சாப்பாடு போடு" என்றார்.

சாம்பல் நாட்டுக்குள் கதையில் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது. குப்பைத்தொட்டிகள் மிருக மண்டையோடுகள் ஆயின. கடிகாரம் கிடையாது, மணி கேட்டால் வானத்தைப் பார்த்து "சூரியன் இரண்டு முழம்" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் தம் கையைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். ஏழு பாகத்திலும் யாரும் கழிப்பறைக்குப் போகாததால் அதற்கு மட்டும் மூன்று கூட்டம் போட்டு, கடைசியில் மௌனக் குகை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையில் வந்து உட்கார்ந்த காக்கைகளைத் துரத்த ஒரு ஆள் போட்டார்கள். காக்கைகள் கேட்கவில்லை. பிறகு கதை மேடம் தலைமை அலுவலகத்தோடு பேசி, அவை ஆறாம் பாகத்து ஒற்றர்கள் என்று முடிவாயிற்று. துரத்தின ஆளுக்கு வேலை போயிற்று, காக்கைகளுக்கு நிரந்தரமாயிற்று.

ராட்டினம் சாம்பல் நாட்டு மதிலுக்கு வெளியே, கதைக்கும் வெளியே நின்றது. அதில் ஒரே ஒரு சிக்கல். மலையின் உயரத்தைத் தரையில் நின்று பார்க்கிறவர்களை மனதில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ராட்டினத்தின் உச்சியிலிருந்து மலையின் முதுகு தெரிந்தது. பலகை, இரும்புக் குழாய், ஏசி பெட்டிகள், ஊழியர்கள் இளைப்பாறும் முற்றம். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார்கள். மதியம் ராட்டினம் நிற்கும் நேரத்தில்தான் முற்றத்துக்கு யாரும் வரலாம். அப்போதுதான் தலையையும் மகுடத்தையும் கழற்றலாம்.

பாலத்து விதவை டப்பாவோடு நடந்துபோவது கதையில் இல்லை. அதனால் டப்பாவை அண்ணன் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார். ஏசி பெட்டிக்குக் கீழே, தண்ணீர் சொட்டாத ஒரு பக்கமாகப் பார்த்து, கவிழ்த்த கூடைகள் மேல் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். பக்கத்தில் ராஜா மகுடத்தை மடியில் வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். அரக்கனின் தலை கொக்கியில் காய்ந்துகொண்டிருக்கும்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாருங்க. நம்ம வயசு இருக்கும். வாட்டசாட்டமான ஆளு. என் தோள்ல சாய்ஞ்சுட்டு அழறாரு. அவரு அப்பா போய்ச் சேர்ந்தப்பகூட அழலையாம். இங்க வந்து அழறாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு இருக்கிறதே ஒரு வசனம். அதைத்தான் சொன்னேன். இன்னும் அதிகமா அழுதாரு."

"பைத்தியக்கார ஜனங்க."

"இருக்கட்டும். இத்தனை வருஷமா அந்த ஓட்டை வழியா என் கைய மட்டும்தான் பார்த்தாங்க. மிச்சமிருக்கிற நான் ஒருத்தி உள்ள உட்கார்ந்திருக்கேன்னே யாருக்கும் தெரியாது. இப்பதான் முகத்தைப் பார்க்கிறாங்க."

அண்ணன் முட்டையைப் பாதி வெட்டி அக்கா பக்கம் தள்ளினார். அது அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை.

மகளுக்கு வெகுதூரத்து ஊர் ஒன்றில் வேலை வந்திருந்தது. அனுப்பலாமா வேண்டாமா என்ற வழக்கு அந்த வாரம் விசாரணையில் இருந்தது. அண்ணன் வேண்டாம் கட்சி. அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றிருந்தார். அதனால்தான் மறுநாள் அண்ணனுக்கு அவ்வளவு அவசரம்.

மதியம் ஆயிற்று. கூட்டம் இறங்கியது. அண்ணன் வழக்கம்போல் சுவிட்சில் கையை வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். காலி என்ற குரல் வரவில்லை. வராது. தகர அறையில் இப்போது இருந்தது யந்திரம். அது "நன்றி, மீண்டும் வருக" என்று மட்டும் சொல்லும். யந்திரம் வந்ததிலிருந்து கழுத்து வலிக்க வலிக்க அவரே அண்ணாந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அணைப்பார்; இன்று அதற்குப் பொறுமையில்லை. நன்றி என்றால் காலி என்றுதானே அர்த்தம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அணைத்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார்.

உச்சிக் கூண்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இருவரும் சாம்பல் மகுடத்தின் தீவிர ரசிகர்கள். ஒருவர் முழங்கையில் பாலத்தைப் பச்சை குத்தியிருந்தார். முதலில் கத்திப் பார்த்தார்கள். கோட்டை முரசின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கீழே பார்த்தார்கள். அரக்கன் தலையில்லாமல் வாழைப்பழம் தின்றான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பாலத்து விதவை ஓர் ஆணுக்குப் பக்கத்தில் கூடைமேல் உட்கார்ந்து, அவன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து, எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்தாள். படம் பிடிப்பதற்கு அவர்களுக்கு ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க இருந்தது.

சாயங்காலத்துக்குள் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. விதவை சிரித்தாள். இரண்டாம் பாகத்திலிருந்து சிரிக்காதவள், யாரோ ஒரு காக்கிச் சட்டைக்காரனோடு சிரித்தாள். யார் அவன்? எத்தனை நாளாக நடக்கிறது? பாலக் காவலன் இதற்காகவா பள்ளத்தில் விழுந்தான்? மறுநாள் காலை ஒரு கூட்டம் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து, முறைப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டு, பாலத்துமேல் உட்கார்ந்து மௌனப் போராட்டம் நடத்தியது. மேனேஜருக்கு அன்று நல்ல வசூல்.

இருந்தாலும் விசாரணை வைத்தார்கள். மேனேஜர் மேசைக்குப் பின்னால். கதை மேடம் பக்கத்தில். எதிரே கணவனும் மனைவியும், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி.

"சார், அவ என் பொண்டாட்டி," என்றார் அண்ணன்.

"அது எனக்குத் தெரியும் அண்ணே. ஜனங்களுக்குத் தெரியாது."

"சொல்லிடுங்க."

கதை மேடம் மெதுவாகக் குறுக்கிட்டார். "அவங்க கணவர் இறந்துட்டாருங்க. ரெண்டாம் பாகத்துல."

"மேடம், நான் இதோ இருக்கேன்."

"நீங்க கதையில இல்லையே."

"சரி, சாப்பிடவாவது விடுவீங்களா?"

"ஏழு பாகத்துல அந்த அம்மா ஒருவாய் சாப்பிட்டதில்லைங்க."

"அப்ப ஏழு பாகமும் எப்படி உசுரோட இருந்தாங்க?"

கதை மேடம் இதை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்து, தம் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தட்டிக்கொண்டார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

முடிவு இப்படி வந்தது. மலையின் பின்புறத்தை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்ததெல்லாம் கதை. ஆகவே இனி பின்புறமும் சாம்பல் நாடு. ராஜா அங்கேயும் ராஜாவாகத்தான் உட்கார வேண்டும். காகிதக் கோப்பையில் காப்பி கூடாது. அரக்கன் தலையோடுதான் சாப்பிட வேண்டும். அவனுக்கு ஒரு நீள உறிஞ்சுகுழல் வழங்கப்படும். வெளி ஆள் யாரும் உள்ளே வரக் கூடாது. நிஜமாக இளைப்பாறுவதற்கு, ராட்டினத்திலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு புதிய பின்புறம் கட்டப்படும்.

"எங்க சார் கட்டுவீங்க? ராட்டினத்துல இருந்து பார்த்தா ஊரே தெரியுமே," என்றார் அண்ணன்.

"அதையும் யோசிச்சாச்சு. ராட்டினத்துல இருந்து தெரியாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். ராட்டினம் நிக்கிற இடம். அதை எடுத்துட்டு அங்க கட்டிடுவோம்."

"ராட்டினத்தை எடுத்துட்டா, அப்புறம் யார் கண்ணுக்குத் தெரியாம மறைக்கறீங்க?"

மேனேஜர் கதை மேடத்தைப் பார்த்தார். கதை மேடம் மேனேஜரைப் பார்த்தார். "அது ரெண்டாம் கட்டத்துல பார்த்துக்கலாம்," என்றார் மேனேஜர்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அண்ணன் பொரிந்து தள்ளினார். "நாளைக்கே எழுதிக் குடு. வேண்டாம் இந்த வேஷம். நமக்கு ஒருவேளை சோறு நிம்மதியா திங்கற இடம் போதும்."

"நான் எழுதிக் குடுத்தா ராட்டினத்தை விட்டுடுவாங்களா?"

"அதை விடமாட்டாங்க."

"அப்ப உங்களுக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல. வீட்டுல உட்கார்ந்து ரெண்டு பேரும் டிவி பேசறதைக் கேட்கலாம்."

"அப்ப உனக்கு நான் முக்கியமா, செத்துப்போன அந்தப் பாலக் காவலன் முக்கியமா?"

அக்கா நடுத்தெருவில் நின்றார். "அவரு குறுக்க பேசமாட்டாரு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அண்ணன் தகர அறை ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா மலைக்குப் பின்னால், விதவையின் முகத்தோடு, யாருக்கும் தெரியாமல் முக்காட்டுக்குள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். வீட்டில் வழக்கம்போல் பேச்சில்லை. தீராத வழக்குகள் குவிந்தன. மகளின் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு நெருங்கியது. மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். ராட்டினத்தைக் கழற்ற ஆட்கள் வந்து சுற்றிலும் அளவெடுத்துவிட்டுப் போனார்கள்.

கெடு முடிகிற நாள் மதியம், கூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம், சாம்பல் நாட்டின் பெரிய வாசல் வழியாகப் பாலத்து விதவை வெளியே வந்தாள். கறுப்பு உடை, சாம்பல் முக்காடு, கையில் சாப்பாட்டு டப்பா. பின்னால் தலையோடு அரக்கன். அவர்களுக்குப் பின்னால், என்ன நடக்கிறதென்று புரியாமல் ஒரு ரசிகர் கூட்டம்.

அக்கா நேராக ராட்டினத்துக்கு வந்தார். அண்ணாந்து ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார்.

"காலி," என்றார். பிறகு, "ஏறுங்க."

"யாரு?"

"நாமதான். மேல இருக்கிறவங்களுக்குத்தான் கீழ இருக்கிறது தெரியும். நாமளே மேல போயிட்டா யாருக்கு என்ன தெரியும்?"

"உனக்குத் தலை சுத்துமே."

"சுத்தட்டும். பொண்ணுக்கு இன்னிக்குப் பதில் சொல்லியாகணும்."

ராட்டினத்தை ஓட்டும் நெம்புகோலை யார் பிடிப்பது என்ற கேள்விக்கு அரக்கன் முன்னால் வந்தான். "பம்பர் கார் ஓட்டினவன்தானே அண்ணே நான். இதுல மோதறதுக்குக்கூட ஒண்ணுமில்ல," என்று தலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

கூண்டு எழும்பியது. அக்கா கம்பியை ஒரு கையாலும் கணவனின் சட்டையை ஒரு கையாலும் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். உச்சிக்கு வந்ததும் அரக்கன் நிறுத்தினான்.

"கண்ணைத் திற."

"மாட்டேன். டப்பாவ நீங்களே திறங்க."

டப்பா திறந்த சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் அக்காவின் வாயும் திறந்துகொண்டது. "அவ போகட்டும்ங்க."

"அவ்வளவு தூரமா?"

"தூரமா இருந்தா என்ன? இங்க வீட்டுக்குள்ளயே நாம என்ன பேசிக் கிழிச்சோம்? போற புள்ள வாரம் ஒருதடவையாவது கூப்பிட்டுப் பேசும்."

அண்ணன் முட்டையை வெட்டிப் பாதியை நகர்த்தினார். வழக்கு முடிந்தது. அக்கா மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். மற்றதையும் திறந்தார்.

"அது என்னங்க, நீலமா அசையுது?"

"உன் புடவை. நம்ம மொட்டை மாடி. நான் சொன்னப்ப நம்பலையே."

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். சாம்பல் முக்காடு காற்றில் பறந்தது.

கீழே நின்ற கூட்டம் பார்த்தது வேறு. இரண்டாம் பாகத்திலிருந்து பாலத்தை விட்டு நகராத விதவை, ஒரு பெரிய சக்கரத்தில் ஏறி வானத்துக்குப் போனாள். அரக்கனே சக்கரத்தைத் திருப்பினான். உச்சியில், முகம் தெரியாத ஓர் ஆணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைதூரத்தைப் பார்க்கிறாள். கறுப்புத் துணி கட்டியவர்களில் ஒருவர் முதலில் மண்டியிட்டார். முழங்கையில் பாலம் இருந்தவர் விம்மினார். "அவர் வந்துட்டாரு," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். சற்று நேரத்தில் எல்லோரும் மண்டியிட்டிருந்தார்கள்; அங்கே நின்றிருந்தவர் ஒருவர்கூட இல்லை.

இத்தனை பேர் தனக்கு முன்னால் மண்டியிட்டதைப் பார்த்த அரக்கனுக்குக் கை ஓடவில்லை. கூண்டை இறக்க மறந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு உறுமல் உறுமினான். அதனால் மேலே இருந்தவர்களுக்குச் சாப்பிட்டு முடித்துப் பழம் தின்னவும் நேரம் கிடைத்தது.

கதை மேடம் ஓடிவந்தார். அண்ணாந்து பார்த்தார். தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மெல்லிய குரலில் வெகுநேரம் பேசினார். பேசி முடித்தபோது அவர் கண்கள் மறுபடி கலங்கியிருந்தன.

"இது கதையில இருக்கு," என்றார்.

இப்படித்தான் ராட்டினம் தப்பித்தது. அதற்கு இப்போது ஆன்மச் சக்கரம் என்று பெயர். சாம்பல் மதிலை அதைச் சுற்றி நீட்டிவிட்டார்கள். எட்டாம் பாகத்தில் அது வருகிறது என்று பேச்சு. கீழே நெம்புகோல் அரக்கனுடையது. வீலண்ணனைப் பாலக் காவலனாக்கிவிட்டார்கள். முகத்துக்கு வெள்ளைப் பூச்சு, நெஞ்சில் ஒரு அம்பு. தினமும் மதியம் விதவையும் காவலனும் சக்கரத்தில் ஏறி உச்சிக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். விடுமுறை நாட்களில் மூன்று தடவை. விதவை ஏழு பாகமாகப் பட்டினி கிடந்தது எப்படி என்ற குறையும் இதோடு தீர்ந்துவிட்டதாகக் கதை மேடம் தனியாக வந்து அண்ணனுக்கு நன்றி சொன்னார்.

நிபந்தனைகள் உண்டு. செத்தவர்கள் சாப்பிட மாட்டார்கள். ஆகவே அண்ணன் டப்பாவைப் பார்க்கலாம், தொடக் கூடாது. செத்தவர்கள் பேசவும் மாட்டார்கள். விதவை பேசலாம், உதடு அசைவது கீழே தெரியாத அளவுக்கு. அண்ணன் பசிக்குத் தகர அறைக்குப் பின்னால் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டு வருகிறார். மனைவி சொல்வதைக் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்பது அவருக்குப் புதிது. இத்தனை காலத்து வழக்குகளில் பாதியில் அவள் பக்கமே நியாயம் இருந்திருக்கிறது என்று இப்போதுதான் அவருக்குப் படுகிறது. சொல்லத்தான் முடியவில்லை.

கூண்டு தரைக்கு வந்து இருவரும் இறங்கியதும் அக்கா திரும்பி, மற்றக் கூண்டுகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "காலி" என்பார். அது வசனத்தில் இல்லை. ஆனால் அதைக் கேட்டால்தான் அரக்கன் சுவிட்சை அணைக்கிறான். கூட்டம் அதைச் சாம்பல் நாட்டின் பழைய மொழியில் ஒரு மந்திரம் என்று எடுத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான பேர் நெஞ்சில் கைவைத்து "காலி, காலி" என்று திருப்பிச் சொல்கிறார்கள். பனியன்களில் அச்சடித்து விற்கிறார்கள். நன்றாகப் போகிறது.

மகள் ஊருக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுகிறார்கள்.

நேற்று விடுமுறை நாள், மூன்றாம் சாப்பாடு. மேற்கே மேகம் கறுத்திருந்தது. உச்சியில் கூண்டு நின்றதும் விதவை எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொலைதூரத்தை ஏக்கத்தோடு பார்த்தாள். கீழே பெருங்கூட்டம் மூச்சைப் பிடித்தது. நாலைந்து பேர் அப்போதே அழத் தொடங்கிவிட்டார்கள்.

"துணியெல்லாம் மாடில கிடக்கு. மழை வரப்போகுது," என்றார் அக்கா, உதடு அசையாமல். "முன்னயாவது நம்ம பொண்ணு இருந்தா, எடுத்து வைப்பா."

செத்தவர் என்பதால் வீலண்ணன் பதில் சொல்லவில்லை. நெஞ்சிலிருந்த அம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அக்கா உட்காருவதற்கு இடம் விட்டார்.